பச்சைப் புள்ளி

துரைசாமி சார் வீட்டு பால்கனியில் இருந்த அந்தச் சாக்கை அப்துல் ஹாதி பாய் பார்த்திருக்கவே கூடாது. எல்லாம் ஒரு பாழாய்ப்போன நாற்காலியால் வந்த வினை.

பெருநாள் அன்றைக்கு மனைவி சைனபுவோடு ஏரவாடாவிலிருந்து ஆட்டோ பிடித்து, ஊரின் மறுகோடியிலிருக்கும் ஔந்துக்கு வந்திருந்தார் பாய். கையில் தூக்குவாளி நிறைய சேமியாப் பாயசம். துரைசாமி குளித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க பாய். இன்னொரு நாற்காலி பால்கனியில கிடக்கு, எடுத்துப் போட்டுக்கிடுங்க" என்றாள் அவர் மனைவி ஆனந்தவல்லி. சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் பாய் போய்விட்டார்.

நாற்காலியை இழுத்ததில் பக்கத்துச் சாக்கு சரிந்தது. 'கணங்'கென்று ஒரு வால்வு உருண்டு வந்து பாயின் காலடியில் நின்றது. குனிந்து எடுத்தார். ஒரு பக்கம் அவருடைய பட்டறை முத்திரை. மறுபக்கம் பச்சைப் புள்ளி.

பச்சை என்றால் பாஸ், ராக்கெட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் கழிவு. அரசாங்க இன்ஸ்பெக்டராகப் பட்டறைக்கு வந்த காலத்தில் துரைசாமி, தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு அடித்து, பாயின் கண்முன்னாலேயே சுத்தியலால் நசுக்கிவிட்டுத்தான் டீயே குடிப்பார். கழித்த சாமான் திரும்ப உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம். அப்பப்பா, அப்படி ஒரு கறார்!

அந்த ராக்கெட் வால்வு ஆர்டரை முடிப்பதற்குள் லேத் மெஷின் பாயின் வலது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் பட்டறையில் ஸ்கூட்டர் சாமான்தான், அதுவும் பாதி நாள் பூட்டு. ஆனாலும் டி.வி.யில் ராக்கெட் கிளம்பினால் போதும், தெருவையே கூப்பிடுவார். "விரல் போனா என்னப்பா? என் வால்வு மேலே போயிட்டுல்லா!"

துரைசாமி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். பாயின் கையில் இருந்ததைப் பார்த்ததும் துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

"சார், இது எப்படி இங்க?"

பாய் சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"சாக்கு நிறைய இருக்கு. எல்லாம் பச்சைப் புள்ளி. மேலே போக வேண்டிய சாமானுக்கு உங்க பால்கனியில என்ன வேலை?"

"எடுத்துட்டு வந்துட்டேன் பாய்."

"எடுத்துட்டு வந்தீங்களா, திருடிட்டு வந்தீங்களா?"

"திருடிட்டுன்னே வச்சுக்கிடுங்க."

இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். இத்தனை வருஷம் 'சார்' போட்ட வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"வெக்கமா இல்ல வே? மயிரிழை கூடிட்டுன்னு என் சாமானை அடிச்சு நொறுக்கின மனுஷன்லா நீரு! இதை ஜூனா பஜார்ல பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடப் பாத்தீரோ?"

"பெருநாளும் அதுவுமா சண்டை வேண்டாம். வாங்க, போவோம்." சைனபு அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. அடுத்த மாசம் ரிட்டயர்டாமே வே? மாலை போட்டு அனுப்புவாங்கன்னு இருக்கீரோ? நாளைக்கே டெல்லிக்கு எழுதிப் போடுதேன். நீரு பென்ஷன் வாங்குத அழகைப் பாத்துருதேன்!"

ஆனந்தவல்லி பதறிவிட்டாள். "பாய், அவங்க வந்து..."

"நீ உள்ள போ" என்றார் துரைசாமி. அவர் மனைவியை அதட்டி யாரும் பார்த்ததில்லை.

பாய் விடுவிடென்று வாசல் வரை போனார். செருப்பை மாட்டியவர் என்ன நினைத்தாரோ, திரும்பினார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும். மத்ததெல்லாமாவது மேலே போச்சா? இல்ல, அதையும் வித்துத் தின்னுட்டீரா?"

துரைசாமி அப்போதுதான் நிமிர்ந்தார்.

"போச்சு பாய். மத்ததெல்லாம் நல்லபடியா மேலே போச்சு."

"உம்ம பிள்ளை மேல சத்தியமா?"

"சத்தியமா."

பாய் அந்த விரலில்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கினாற்போல ஒரு மூச்சு விட்டார். அப்புறம் மறுபடி கோபம் வந்துவிட்டது. "திருட்டுப் பய வீட்டுல நமக்கு என்ன வேலை?" என்று பாயசத் தூக்கையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஆனந்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெத்த பிள்ளை மேல பொய்ச் சத்தியம் பண்ணுதீங்களே! மத்ததுன்னு எதைச் சொல்லுதீங்க? மொத்தமே இந்தச் சாக்குதான?"

"பின்ன, பணம் இல்லைன்னு டெல்லியில அந்த ராக்கெட் திட்டத்தையே இழுத்து மூடிட்டான், உம்ம வால்வு ஒண்ணுகூட ராக்கெட்டைக் கண்ணால பாக்கலைன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லச் சொல்லுதியா? என்னைத் திருடன்னு ஏசிட்டாவது நிம்மதியா இருக்கட்டும்."

துரைசாமி தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்தவற்றைச் சாக்குக்குள் அள்ளிப் போட்டார்.

"பச்சைப் புள்ளி வச்சதையெல்லாம் சுத்தியலால நசுக்கி எடைக்குப் போடுன்னு எனக்குத்தான் ஆர்டர் வந்துது. ரெண்டு விரலைக் குடுத்துச் செஞ்சிருக்கான் ஆனந்தி... எப்படி அடிப்பேன்?"