தம்பி வண்டியின் கிராங்க்

"என் வண்டி இன்ஜின் கிராங்க்ல விரிசல்னு போன மாசம் சொன்னியே, அதை எடுத்துத் தம்பி வண்டியில போட்டுடு. அவனோடத எனக்கு மாட்டு. அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"வேணாம் சார்," என்று மெக்கானிக் எவ்வளவோ மன்றாடினான். அண்ணன் மசியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி ஆறு சிலிண்டர் இன்ஜின். அச்சு அசலாகப் பொருந்தும்.

பத்தாம் நாள் அண்ணனின் வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. தம்பிதான் தன் வண்டியில் கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தான். அவன் வெளியே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்க, அண்ணன் மெக்கானிக் மேல் பாய்ந்தார்.

"கிராங்க்தான் உடைஞ்சிருக்கணும்! சொன்னபடி மாத்தினியா, இல்லையா?"

"மாத்தினேன் சார். அதுதான் வினையே."

"என்னடா உளர்றே?"

"விரிசல்னு தெரிஞ்ச அன்னைக்கே தம்பி வந்து, தன்னோடத உங்களுக்குப் போடச் சொல்லிட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவரும் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீங்க மறுபடி மாத்தினதுல, உங்களோடது உங்ககிட்டயே வந்துடுச்சு."

"அவன் எதுக்கு...?"

"'நான் ஒண்டிக்கட்டை, அண்ணன் வண்டியில பிள்ளைங்க போகுது'ன்னாரு."

தம்பி கையைத் துடைத்தபடி உள்ளே வந்து சாவியை நீட்டினான்.

"அண்ணா, இது சரியாகுற வரைக்கும் என் வண்டிய வச்சுக்கோங்க."