செய்முறைத் தேர்வு

“எப்பலேர்ந்தும்மா இப்படி மூச்சு வாங்குது?”

“காலைலேர்ந்து, பாப்பா. நாலு படி ஏறினாலே நெஞ்சைப் பிடிச்சுக்குது.” கட்டிலில் சாய்ந்திருந்தவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சை இழுத்தாள். போர்வைக்கு வெளியே நீட்டிக் கிடந்த இடது கால் பொதபொதவென்று வீங்கியிருந்தது.

உண்மையில் அவள் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. வீக்கமெல்லாம் காலுறைக்குள் திணித்த பஞ்சு. மருத்துவக் கல்லூரியின் செய்முறைத் தேர்வுகளில் நோயாளியாக நடிப்பதுதான் அவள் வேலை. மாணவர்கள் அவளைச் சோதித்துப் பார்ப்பார்கள்; பேராசிரியர் எதிரே உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்.

ஆனால் இன்றைய நோயை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். அது அவள் கணவனைக் கொண்டுபோன நோய்.

எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘இடி’. அறைக்குள் நுழைந்ததுமே சுவரிலிருந்த கேமராவைப் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டார். அது கட்டிலை விட்டுவிட்டு அவருடைய நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

அன்றைக்கு வார்டில் அவள் கணவன் படுத்திருந்தான். இடிக்குப் பின்னால் மாணவர் கூட்டம். கடைசி வரிசையில் நின்ற ஒரு பெண் மட்டும், “சார், ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு. ரத்தம் கட்டியிருக்குமோ...” என்று இழுத்தாள்.

“கால் வீங்கினா பெரிய செருப்பா வாங்கச் சொல்லு” என்றார் இடி.

வார்டே சிரித்தது. பெரிய டாக்டர் தமாஷ் பண்ணுகிறாரே என்று அவள் கணவனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தான். அந்தப் பெண் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. காலில் கட்டியிருந்த ரத்தம் அன்று சாயங்காலமே நுரையீரலைப் போய் அடைத்தது. அவன் போய்விட்டான்.

அவள் கல்லூரி அலுவலகத்துக்குப் படியேறிப் புகார் செய்தாள். ஆழ்ந்த வருத்தம் என்றார்கள். அவர்கள் வருத்தத்தை வாங்கி அவள் எங்கே வைப்பாள்? இந்த மனுஷன் இனி எந்த நோயாளியின் பக்கத்திலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அதைப் பார்க்காமல் ஓயமாட்டேன் என்று கறுவிக்கொண்டுதான் இந்த வேலையிலேயே சேர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்றைக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். இவர் இன்றைக்குப் பார்த்து நல்லவராகிவிடக் கூடாது.

இப்போது அவளைச் சோதித்துக்கொண்டிருந்த, கண்ணாடி போட்ட மாணவிக்குக் கை உதறியது. ஸ்டெதாஸ்கோப் நழுவிக் கட்டில் கம்பியில் மோதியது.

“ஒழுங்காப் பிடி. அது பாம்பு இல்ல, கடிக்காது.”

“சாரி சார்.”

“சாரியெல்லாம் அப்புறம். என்ன கண்டுபிடிச்ச?”

“நெஞ்சுல சளி மாதிரி... இல்ல சார், தெரியல. ஆனா ஒரு விஷயம்...”

இடி நாற்காலியில் சாய்ந்தார். அவர் குரல் திடீரென்று இறங்கியது. “பதறாதம்மா. கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?”

கட்டிலில் இருந்தவளின் இத்தனை வருஷக் காத்திருப்பும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைந்துபோய்விடும் போலிருந்தது.

“குடிச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போய் வேற பொழப்பைப் பாரு” என்று முடித்தார் இடி.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சார், இவங்க கால்...” மாணவி விடவில்லை.

“உனக்கும் ரெண்டு கால் இருக்குல்ல? அதை வச்சு வெளிய நட.”

“ஒரு கால் மட்டும் சார்...”

“வாயை மூடு! நான் கேட்டா மட்டும் பேசு. உன்னையெல்லாம் எவன் இங்க சேர்த்தான்?”

மாணவியின் கண்ணாடி நனைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இடி அதைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். “அழுகைக்கெல்லாம் இங்க மார்க் கிடையாது.”

கதவு திறந்தது. கல்லூரி முதல்வர் அம்மாள் உள்ளே வந்தார். இடி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

“முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது மேடம். இதெல்லாம் நோயாளி பக்கத்துல நிக்கவே லாயக்கில்ல. இதுக்கு மேலயும் விட்டு வச்சா உயிர் போகும்.”

“அதையேதான் நானும் நினைச்சேன். நோயாளி பக்கத்துல யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்.”

இடி திருப்தியோடு பேனாவை மூடினார்.

மாணவி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் நிதானமாகத் துடைத்தாள். கையில் இப்போது உதறல் இல்லை. கட்டிலின் ஓரத்தில் வந்து உரிமையோடு உட்கார்ந்தாள். “நீங்களே சொல்லிடுங்கக்கா” என்றாள்.

அவள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள். மூச்சு சீராக வந்தது. அப்போதுதான் இடி முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“பாப்பாவும் என்னை மாதிரி நடிக்க வந்தவதான், இன்னிக்குப் பரீட்சை உங்களுக்கு சார்.”