மிச்சம் ரெண்டு நம்பர்

டொக்… க்ரீச்… டொக்.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினேன். மணி ஒன்பதே கால். தொட்டிலில் பாப்பா தூங்குகிறாள். அவள் அப்பா ராஜஸ்தான் எல்லையில் டூட்டியில். ராஜபாளையத்தில் இந்த வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

டொக்.

நேற்று இதே நேரம் என் மாமியார் பாலம்மாள் போனில் இருந்தார். அந்தப் பேச்சை நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் லீவில் வந்த என் கணவர், டூட்டிக்குத் திரும்பிய அன்று காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் புதுப் போன் வாங்கித் தந்தார். "போட்டோ, நம்பர், வாட்ஸ்அப், எல்லாம் ஏத்தியாச்சுக்கா" என்றார் கடைக்கார ஷாநவாஸ். பழைய போனை அப்படியே கான்சாபுரத்தில் தனியாக இருக்கும் அத்தையிடம் கொடுத்துவிட்டோம்.

அன்று ராத்திரி ஷிஃப்டுக்கு உட்கார்ந்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ரெக்கார்டு பார்க்கிற வேலை, வீட்டிலிருந்தே. பாஸ்வேர்டு போட்டதும் சிஸ்டம் ஆறு இலக்க நம்பர் கேட்டது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை நம்பர் மாறுமே, அந்த ஆப். புதுப் போனில் திறந்தேன். காலி. நம்பரெல்லாம் பழைய போனிலேயே தங்கிவிட்டது.

வேலையில் சேர்ந்து பத்தே நாள். ஆபீஸில் சொல்லப் பயம். கான்சாபுரத்துக்குப் போன் போட்டேன்.

"அத்தை, நான் சொல்ற ஆப்பைத் திறந்து நம்பர் வாசிங்க."

"அஞ்சு… எட்டு… ஒண்ணு… நாலு…"

"மிச்சம் ரெண்டு?"

"வாசக் கதவத் தாப்பா போட்டியா?"

"அப்புறம் போடுறேன் அத்தை, நம்பர் மாறிடும்!"

"மாறட்டும். இப்பப் போடு. சத்தம் எனக்குக் கேக்கணும். பொறவு சொல்லுதேன்."

ஓடிப் போய்ப் போட்டுவிட்டு வந்தால், "ஏட்டி, பழசு போயிருச்சு. புதுசு வருது, எழுதிக்கோ" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. நாலு நம்பர், தாழ்ப்பாள், மிச்சம் ரெண்டு.

கணவரிடம் பொரிந்து தள்ளினேன். "யாரு வர்றா, யாரு போறான்னு உங்கம்மா வேவு பாக்குறாங்க. என்னைச் சந்தேகப்படுறாங்க."

"எங்கம்மாவா?" என்று சிரித்தார். அது இன்னும் எரிச்சல்.

ஆப்பை மாற்ற நேரில் வருகிறேன் என்றால் அத்தைக்கு ஆயிரம் சோலி.

"நாளைக்கா? அய்யனார் கோவிலுக்குப் போறோமே."

"சரி, மறுநாள்?"

"பிளவக்கல்ல ஒரு விசேஷம். ஆமா, கான்வென்ட்டுல படிச்ச புள்ளைக்கு ஒரு தாப்பா போடத் தெரியல, ஆப்ப மாத்தப் போறாளாம்!"

புது நம்பர் வரக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க மாட்டார். ஒரு நாள், "உம் புருசன் நாலு வயசுல புளியங்கொட்டைய மூக்குல திணிச்சுக்கிட்டான். வத்திராயிருப்பு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுதேன், வழியில தும்மினான் பாரு, டாக்டர் வேலையே மிச்சம்" என்றார். இன்னொரு நாள், எங்கள் கல்யாணத்தன்று நான் சாப்பிடாமல் விட்ட ஜாங்கிரியை, மறுநாள் காலையில் தான் எடுத்துத் தின்றதைச் சொன்னார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை, சொல்லாமல் கொள்ளாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கான்சாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். பழைய போனில் ஒரு க்யூ.ஆர். கட்டம் வந்தது. அதைப் புதுப் போனில் ஸ்கேன் செய்தேன். பழையதிலிருந்து அழித்தேன். ரெண்டே நிமிடம்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அத்தை. இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

அத்தை போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இனி நம்பரே வராதா?"

பஸ் ஏற்றிவிட வந்தவர், பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியே பாப்பாவின் காலைப் பிடித்தபடி நின்றார்.

இன்று ஒன்பது மணிக்கு ஆறு நம்பரையும் நானே பார்த்து, நானே அடித்தேன். பத்து வினாடி. யாரும் எதுவும் கேட்கவில்லை.

டொக்… க்ரீச்…

பாப்பாவின் தொட்டிலை ஒட்டிப் போய் நின்றேன். அப்போது போன் அடித்தது. அத்தை.

"நம்பர் வேணாம்னு தெரியும். சும்மாத்தான் கூப்பிட்டேன்."

"அத்தை, வாசல்ல யாரோ…"

"தாப்பா போட்டியா?"

போடவில்லை. மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் மறந்திருக்கிறேன்.

"போனக் காதுல வச்சுக்கிட்டே போ. நான் இருக்கேன்ல. போ தாயி."

போனேன். யாருமில்லை. சும்மா சாத்தியிருந்த கதவு காற்றில் தானே திறந்து தானே மூடிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன்.

"கேட்டுதா அத்தை?"

"கேட்டுது." பெருமூச்சு விட்டார். "செத்த நேரம் லைன்லயே இரு, வச்சிராத. நான் போயி எங் கதவப் போட்டுட்டு வாரேன்."

"நீங்க இன்னுமா போடல?"

"உங்க மாமா போனதுலருந்து, இருட்டுல வாசவரைக்கும் போக எனக்கு ஒரே பயம். நீ போடுத சத்தம் கேட்டாத்தான், அந்தத் தைரியத்துல எந்திரிச்சுப் போயி நானும் போடுவேன். இன்னைக்கு வெளக்கு வச்சதுலருந்து கட்டில விட்டு எறங்கல தாயி."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மெல்ல மெல்லக் காலடிச் சத்தம். பிறகு, கான்சாபுரத்தில் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.