வடக்கு மூலைப் பாசி

குளத்தில் பாசி மண்டி, அயிரையின் ஏழு குஞ்சுகளும் வடக்கு மூலையில் மாட்டிக்கொண்டன. "மூச்சுத் திணறுதுங்க, யாராவது வாங்களேன்!" என்று அயிரை அலறியது.

பாசியைத் தின்பதற்கென்றே குளம் பராமரிக்கும் கம்பெனி இரண்டு புல்கெண்டைகளை விட்டிருந்தது. குண்டன் வந்து ஒரு வருஷம். ஒல்லி வந்து ஒரு வாரம்.

ஒல்லி உடனே பாய்ந்தது. குண்டன் குறுக்கே வந்து நின்றது.

"டேய், அந்த மூலையத் தொடாத. அத வெச்சுத்தான் நான் உயிரோட இருக்கேன்."

"அது எப்படி?"

"பாசி இருக்கிற வரைக்கும்தான் நமக்கு இங்க வேலை. தீர்ந்துச்சுன்னா வலை, அப்புறம் குழம்பு. நான் சும்மா வாய மட்டும் அசைப்பேன். கரையில நிக்கிறவனுக்குத் தெரியவா போகுது?"

"குஞ்செல்லாம் சாகுதே?"

"அயிரை அடுத்த மழைக்கு நூறு போடும். உன்ன யாருடா திரும்பப் போடுவா?"

வலை என்றதும் ஒல்லி பயந்து கொஞ்சம் பின்வாங்கியது. குண்டன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் குண்டனைப் பார்க்க அதைவிட எரிச்சலாக வந்தது.

"வலை வர்றப்ப வரட்டும். இப்பப் பசிக்குது, நகரு."

"சரி, அந்த மூலைப் படிக்கட்டு ஓரத்துலயாவது ஒரு கொத்து விட்டு வைடா," என்று குண்டன் கெஞ்சியது.

ஒல்லி தின்னத் தின்னக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆறு வந்துவிட்டன. ஏழாவது, படிக்கட்டு ஓரத்துக் கொத்துக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

குண்டன் விட்டு வைக்கச் சொன்ன கொத்து அது. ஒல்லி அதை அடியோடு தின்றது.