பத்தடி முன்னால்

"பார்த்தீங்களா டீச்சர்? இன்னைக்கும் பத்தடி முன்னாடிதான் போறான்!"

கிழக்குத் தாம்பரம் மைதானத்தில் காலை நடை. தையல்நாயகிக்கு எப்போதும் காலைவிட வாய்தான் வேகம்.

கூட வந்த தபீதாள் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். முன்னால் அசார், ஒல்லியாக, விறுவிறுவென்று. பின்னால் அவன் மனைவி மெஹ்னாஸ். இருபத்தெட்டு வயசுதான், நூறு கிலோவுக்குக் குறையாது.

"பொண்டாட்டி குண்டா இருக்கான்னு வெட்கம், வேற என்ன? நடுநடுவுல திரும்பி, மாட்டை ஓட்டற மாதிரி 'வா, வா'ன்னு கை வேற காட்டறான்."

"நமக்கெதுக்குங்க வம்பு?"

"இப்படி ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்கறதாலதான் இவனுங்க ஆடறானுங்க."

மைதானத்தில் எல்லோரும் ஜோடியாகவோ கும்பலாகவோ நடந்தார்கள். மெஹ்னாஸோடு பேச ஒருவர்கூட இல்லை. ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்க மட்டும் நிறையப் பேர் இருந்தார்கள்.

தையல்நாயகிக்குப் பொறுக்கவில்லை. டீச்சரை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். மெஹ்னாஸ் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

"பயந்துட்டியா? நான்தாம்மா, எதிர் வீட்டு ஆன்ட்டி. தினம் இப்படி மூச்சு வாங்க நடக்கறியே, எதுக்கு?"

"கண்ணுக்காக, ஆன்ட்டி."

"கண்ணுக்கா?"

"ஒரே தலைவலி. அப்பப்ப கண்ணு இருட்டிக்கும். கண்ணாடி மாத்தியும் சரியாகல. ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, தலைக்குள்ள பிரஷராம். அது கண் நரம்பை அழுத்துதாம். எடை குறைஞ்சா பிரஷரும் குறையும்னாங்க. போன பார்வை வராது... மிச்சத்தையாவது காப்பாத்திக்கலாமாம்."

தையல்நாயகிக்கு அசார் மேல் கோபம் இரண்டு மடங்கானது.

"இவ்வளவு இருக்கு, உன் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"பிடிச்சாங்க. நான் அவங்க மேல சாஞ்சுக்கிட்டே மெதுவா நடந்தேன். தனியா, வேகமா நடந்தாத்தான் எடை குறையும்னு டாக்டர் சத்தம் போட்டாரு."

"சரி, பக்கத்துலயாவது வரலாமில்ல? நீ விடும்மா. நாளையிலேருந்து நான் உன் பக்கத்துல நடக்கறேன். அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

"வேணாம் ஆன்ட்டி."

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. வலியப் போய் உதவி செய்தால் இதுதான் மரியாதை.

"ஏன், நான் வந்தா உனக்கென்ன கஷ்டம்?"

"கோச்சுக்காதீங்க. எனக்கு நேரே இருக்கறது மட்டும்தான் தெரியும். ஓரத்துல எதுவுமே தெரியாது. அவங்களும் முதல்ல பக்கத்துலதான் வந்தாங்க. ஆள் இருக்கறதே தெரியாம, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நடு மைதானத்துல நின்னு அழுதுட்டேன். அன்னையிலேருந்துதான் பத்தடி முன்னாடி போறாங்க... என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்னு."