முதுகைத் திறப்பதா, ஓட்டை போடுவதா

"ஓட்டை போட்டா எவ்ளோ ஒசரம் ஆவேன் டாக்டர்? முதுகத் தொறந்தா எவ்ளோ?"

டாக்டர் நாகநாதன் பேனாவை மூடிவிட்டார். வலிக்குமா, பிழைப்பேனா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். மயிலம்மாள் உயரத்தைக் கேட்டுவிட்டு, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். முதுகில் சின்னதாக ஓட்டை போட்டுச் செய்வது புது முறை. ரத்தச் சேதம் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் முதுகுக் கூனல் முழுசாகப் போகாது. முதுகைத் திறந்து கம்பி வைத்தால் வலி உயிரை வாங்கும். ஆனால் நன்றாக நிமிர்ந்து நிற்கலாம்.

"அப்ப ஓட்டையே போடுங்க லா!"

நிமிர ஆசை இல்லாமலா? தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தே எத்தனையோ வருஷம். ஆனால் நிமிர்ந்தால் குட்டு உடைந்துவிடுமே!

புருஷன் சன்னாசியைவிட அவள் ஒரு தலை உயரம். பெண் பார்க்க வந்த அன்று அம்மாக்காரி அவளை எழுந்திருக்கவே விடவில்லை. ரப்பர் தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றும்போது சேலைக்குள் முட்டியை மடக்கி நின்றாள். ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று லயத்து வீட்டு சனமெல்லாம் மெச்சியது.

சன்னாசியோ ரோஷக்காரர். குள்ளன் என்று கிண்டல் பண்ணிய தோட்டத்துக் கணக்குக் கிராணியையே அடிக்கப் பாய்ந்தவர். அவர் பக்கத்தில் அவள் குனிந்தே நின்று பழகினாள். அப்புறம் பால்மரம் வெட்டி, வாளி தூக்கி, முதுகு தானாகவே வளைந்தது. மாரியாத்தா மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள் பைத்தியக்காரி. காலை எடுத்து வைக்க முடியாமல் வலி வந்த பிறகுதான் ஆத்தாளைத் திட்டினாள்.

சன்னாசி வார்டுக்குள் வந்தார். எந்த முறையில் செய்யலாம் என்று டாக்டர் அவரிடமும் கேட்டார்.

"தொறந்தே பண்ணுங்க டாக்டர். அவ நல்லா நிமிரணும்."

மயிலம்மாள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "ஐயோ, சும்மா இருங்க! உங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"எல்லாம் தெரியும். மாலை மாத்துன அன்னிக்கே தெரியும். நீ பயப்படாம நிமிரு புள்ள."

டக் டக்கென்று கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து நின்றார். படுத்திருந்தவளுக்கு அவர் கால்கள்தான் தெரிந்தன.

ரப்பர் செருப்பைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தக் கால்களில் பளபளவென்று புதுச் சப்பாத்து. நாலு விரல் உயரத்துக்குக் குதி.