பதினோரு மொட்டைக் கடிதங்கள்

“சார், இதையெல்லாம் எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.”

தோட்டக்காரம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து, பதினோரு தாள்களை மேஜைமேல் பரப்பினாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். பதினொன்றும் அவர் எழுதியவைதான். கம்ப்யூட்டரில் தட்டி, பெயர் போடாமல், மெனக்கெட்டு அடுத்த தெருத் தபால்பெட்டி வரை நடந்துபோய் நகராட்சிக்கு அனுப்பியவை.

“உட்காரும்மா” என்றார்.

குடியிருப்பின் பின்சுவரை ஒட்டிய காலி இடத்தை அவள் வாடகைக்கு எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வீடுகளுக்குத் தோட்டம் போட்டுத் தருவது அவள் தொழில். வெட்டிய கிளை, உதிர்ந்த இலை, செதுக்கிய புல், இந்தக் குடியிருப்பின் காய்கறித் தோல் என்று எதையும் வீணாக்க மாட்டாள். எல்லாவற்றையும் அரைத்துக் குவித்து உரமாக்கி, அதே தோட்டங்களுக்குத் திரும்பக் கொண்டுபோவாள்.

செயலாளரின் கண்ணுக்கு அது குப்பைமேடு. போதாததற்கு, காலை ஆறேகால் மணிக்குக் குவியலிலிருந்து புகை வேறு. ‘குப்பையைக் கொளுத்துகிறார்கள்’ என்று முதல் கடிதம் போட்டார். நகராட்சியிலிருந்து ஆய்வாளர் வந்தார். குவியலுக்குள் நீளமான வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். உரம் பக்குவமாகும்போது உள்ளே சூடேறும், அது வெறும் ஆவி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். செயலாளர் நம்பவில்லை. பிடித்த பிடியை விடுகிற ஆளா அவர்? இரண்டு, மூன்று என்று பதினொன்று வரை போய்விட்டது.

“இப்ப எதுக்கும்மா அந்தப் பழைய கதை? நாலு மாசமா ஒண்ணும் வரலையே” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நாலு மாசம்னு சரியாச் சொல்றீங்களே சார்.”

செயலாளர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கீழே குடியிருப்புத் தோட்டம் தெரிந்தது. வீடுகளைப் புதுப்பித்தபோது ஆளாளுக்குக் கொட்டிய இடிபாடு மலைபோலக் கிடந்த இடம் அது. யாரும் கேட்காமலே அவள் வந்து, உடைந்த தரைக்கற்களை மேடுபள்ளமில்லாமல் பதித்துப் பாதை போட்டாள். யாரோ தூக்கியெறிந்த குளியல் தொட்டியைப் புதைத்து அல்லி வளர்த்தாள். மிச்ச இடமெல்லாம் செடி.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வாசற்படி தாண்ட மறுத்த அவர் மனைவி, முதன்முதலாக யார் கையையும் பிடிக்காமல் நடந்தது அந்தப் பாதையில்தான். அன்றைக்கு அவர் இதே ஜன்னலில் நின்று சின்னப் பிள்ளைபோல் அழுதார். பாதி எழுதியிருந்த பன்னிரண்டாவது கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அவளிடம் நன்றி சொல்ல எத்தனையோ முறை படியிறங்கியிருக்கிறார். எந்த முகத்தோடு சொல்வது?

இப்போது உண்மை தெரிந்து, நீயுமாச்சு உன் தோட்டமுமாச்சு என்று அவள் இடத்தைக் காலி செய்துவிட்டால், மனைவிக்கு நடக்க ஏது இடம்?

சமையலறையிலிருந்து மனைவி வந்தார். ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

“எந்தப் புண்ணியவான் எழுதினது இது? ஊருக்கு நல்லது செய்யற பொண்ணை இப்படியா படுத்துவான்? கையில கிடைக்கட்டும், நல்லா நாலு கேள்வி கேட்கிறேன். நீங்க செயலாளர்தானே, கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

“அம்மா, பதினொண்ணுலயும் ஆறேகால் மணின்னு போட்டிருக்கு. அந்த நேரத்துல என் குவியலோட ஆவி தெரியணும்னா, இந்த வரிசை ஜன்னல்லேர்ந்துதான் தெரியும். கீழ் வீடு பூட்டிக் கிடக்கு. மேல் வீட்டுல எட்டு மணிக்கு முன்னாடி யாரும் எழுந்திருக்கிறதில்லை.”

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தார். முப்பத்தாறு வருட இல்லறத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியதில்லை.

செயலாளர் எழுந்து நின்றார்.

“நான்தாம்மா எழுதினேன். பதினொண்ணும். நான் செஞ்சது பெரிய தப்பு. நீ போட்ட பாதையிலதான் இவ மறுபடி நடந்தா. அந்த நன்றியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். என்னை என்ன வேணா திட்டிக்கோ, நான் பதவியை விட்டும் விலகிடறேன். தோட்டத்தை மட்டும் கைவிட்டுடாதே.”

“திட்டறதா? நான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்திருக்கேன் சார்.”

செயலாளர் திருதிருவென்று விழித்தார்.

“ஒரு கடிதம் வந்தா ஆய்வாளர் நேர்ல வந்து பார்த்தே ஆகணும்னு சட்டம். பாவம், பதினோரு தடவை வந்து குவியலுக்குச் சூடு பார்த்துட்டுப் போனார். நீங்க எழுதறதை நிறுத்தின அடுத்த வாரம், கடிதம் எதுவும் இல்லாமலே பன்னிரண்டாவது தடவையா வந்து நின்னார்.” தோட்டக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “வெள்ளிக்கிழமை பதிவாளர் ஆபீஸ்ல எங்களுக்குக் கல்யாணம் சார். சாட்சியா வந்து நிக்க, உங்களை விட்டா எங்களுக்கு வேற யாரு இருக்கா?”